ஸ்கிரிப்சர் பீரியட் வேண்டாம் என்றால்: பெங்களூரு பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

ஜூனில் பள்ளி திறந்து, டைம்டேபிளை டயரியில் ஒட்டும் வாரத்தில்தான் இந்தக் கேள்வி கிளம்பும். வாரத்துக்கு இரண்டு பீரியட் ‘ஸ்கிரிப்சர்’ (வேதபாடம்) என்றோ ‘வேல்யூ எஜுகேஷன்’ என்றோ போட்டிருக்கும். புத்தகப் பட்டியலின் கடைசி வரியில் பைபிள் இருக்கும். காக்ஸ் டவுன், அல்சூர், லிங்கராஜபுரம், விவேக் நகர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் பாட்டி படித்ததும் கான்வென்ட், பேத்தி படிப்பதும் கான்வென்ட். அவர்களில் பெரும்பாலோர் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. பிள்ளைக்கு அந்த வகுப்பு வேண்டாம் என்று நினைப்பவர்கள் என்ன செய்ய வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும், எங்கே சறுக்கும் என்பதைச் சொல்லவே இந்தக் குறிப்பு.

பள்ளி எந்த வகை?

அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு பள்ளிகளை யார் காசில் நடக்கின்றன என்று பார்த்துப் பிரிக்கிறது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளி என்றால், அதாவது கர்நாடக அரசுப் பள்ளி, மாநகராட்சிப் பள்ளி, கேந்திரிய வித்யாலயா போன்றவற்றில், மத போதனையே கூடாது என்கிறது 28(1). பெற்றோர் சம்மதித்தாலும் கூடாது. அங்கே எது போதனை, எது பொதுவான நல்லொழுக்கம் என்பதில்தான் சண்டை. கேந்திரிய வித்யாலயாவில் காலையில் சொல்லும் சமஸ்கிருதப் பிரார்த்தனையை எதிர்த்த மனுவை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பெரிய அமர்வுக்கு அனுப்பியது இந்தக் கேள்விக்காகத்தான்.

அரசின் அங்கீகாரம் பெற்றதோ, அரசு உதவி பெறுவதோ என்றால் 28(3). நகரத்தின் தனியார் பள்ளிகள் ஏறத்தாழ எல்லாமே இதில் வரும். இங்கே மத வகுப்பு நடத்தலாம், வழிபாடு நடத்தலாம். ஆனால் அதில் கலந்துகொள்ளும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. மைனர் என்றால் பெற்றோரோ காப்பாளரோ சம்மதம் தந்திருக்க வேண்டும். வேண்டாம் என்றால் எழுதிக் கொடு என்று பிரிவு சொல்லவில்லை. சம்மதம் இருந்தால்தான் கட்டாயம் என்கிறது. நடைமுறையில் எல்லாப் பள்ளியும் இதைத் தலைகீழாகத்தான் வைத்திருக்கிறது என்பது வேறு விஷயம்.

‘நாங்கள் சிறுபான்மை நிறுவனம், 30-ஆவது பிரிவு எங்களுக்கு இருக்கிறது’ என்று ஆபீஸில் சொல்வார்கள். பள்ளியைத் தொடங்கவும் நடத்தவும் அந்த உரிமை அவர்களுக்கு இருக்கிறது, உண்மைதான். அதற்காக 28(3)-இல் சிறுபான்மைப் பள்ளிக்கென்று தனி விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. இரண்டு பிரிவுகளும் ஒரே பள்ளியில் ஒரே நேரத்தில் செல்லும்.

ஒரு எச்சரிக்கை. ஆர்.டி.இ, அதாவது கல்வி உரிமைச் சட்டத்தைக் காட்டிப் பேசாதீர்கள். சிறுபான்மைப் பள்ளிகளுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-இல் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதி அமர்வு தீர்ப்பளித்தது. பள்ளியின் வக்கீலுக்கு அது மனப்பாடம். முதல் கடிதத்திலேயே ஆர்.டி.இ என்று எழுதினால் மற்ற வரிகளையும் சேர்த்து ஒதுக்கிவிடுவார்.

அந்த பீரியடில் உண்மையில் என்ன நடக்கிறது?

இதைக் கண்டுபிடிக்காமல் கடிதம் எழுதுகிறவர்கள்தான் அதிகம் சிக்கிக்கொள்கிறார்கள். பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. கத்தோலிக்கப் பள்ளிகளில் பெரும்பாலும் ஒரே நேரத்தில் இரண்டு வகுப்பு நடக்கும்: கத்தோலிக்கப் பிள்ளைகள் கேட்டகிசம் என்னும் மறைக்கல்விக்குப் போவார்கள், மற்றவர்கள் எல்லாரும், சி.எஸ்.ஐ என்னும் புராட்டஸ்டன்ட் சபைக் குடும்பத்துப் பிள்ளைகள் உட்பட, மாரல் சயின்ஸுக்கு. அந்த மாரல் சயின்ஸ் புத்தகத்தில் காந்தியும் இருப்பார், அன்னை தெரசாவும் இருப்பார். பல புராட்டஸ்டன்ட் பள்ளிகளில் ஸ்கிரிப்சர் என்பது எல்லாருக்கும் பொது வகுப்பு; அங்கேதான் பைபிள் நேரடியாகப் பையில் ஏறும்.

டயரி, பாடப் புத்தகம், போன வருடத் தேர்வுத்தாள் மூன்றையும் எடுத்து வையுங்கள். இவற்றில் தேர்வுத்தாள்தான் அதிகம் பேசும். ‘நல்ல சமாரியன் உவமையை உன் சொற்களில் எழுது’ என்று கேட்டிருந்தால் அது கதை கற்பித்தல். ‘இயேசுவை ஏன் உன் இரட்சகராக ஏற்க வேண்டும்?’ என்று இரண்டாம் வகுப்புக் குழந்தையிடம் கேட்டிருந்தால் அது போதனை. வகுப்பு ஜெபத்தோடு தொடங்கி ஜெபத்தோடு முடிகிறதா, மனப்பாட வசனம் உண்டா, எடுப்பது பள்ளி ஆசிரியரா அல்லது சபையிலிருந்து வரும் ஊழியரா என்பதையும் பிள்ளையிடம் சாதாரணமாகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குறுக்கு விசாரணை செய்தால் குழந்தை நீங்கள் எதிர்பார்க்கும் பதிலைத்தான் சொல்லும்.

மதத்தைப் பற்றிக் கற்பிப்பது ஒன்று, மதத்தைப் போதிப்பது வேறொன்று. நம் நீதிமன்றங்கள் இந்தக் கோட்டை இரண்டு முறையாவது தெளிவாகப் போட்டிருக்கின்றன. 1971-இல் பஞ்சாப் டி.ஏ.வி கல்லூரி வழக்கில், குரு நானக்கின் வாழ்க்கையையும் கருத்துகளையும் ஒரு பல்கலைக்கழகம் ஆராய்வது மத போதனை ஆகாது என்றார்கள். 2002-இல் அருணா ராய் வழக்கில், எல்லா மதங்களையும் பற்றிப் பள்ளியில் கற்பிப்பது 28-ஐ மீறவில்லை என்றார்கள். தமிழ் வாசகருக்கு இதை விளக்கத் தேம்பாவணி போதும். சூசையப்பரைப் பாட்டுடைத் தலைவராக வைத்து வீரமாமுனிவர் பாடிய 3615 பாடல்களில் சில, தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலில் இருக்கின்றன. அங்கே கேட்பது உவமையும் அணியும். நம்பிக்கையை யாரும் கேட்பதில்லை. மணிமேகலை படித்து எந்த மாணவியும் பௌத்த சங்கத்தில் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

ஆங்கில இலக்கியம் எடுக்கும் பிள்ளைக்கு பைபிள் கதைகள் கொஞ்சம் தெரிந்திருப்பது உதவும் என்பதையும் கணக்கில் வையுங்கள். ‘வெனிஸ் வணிக’னில் ஷைலாக் தன் வட்டியை நியாயப்படுத்த யாக்கோபு லாபானின் ஆடுகளை மேய்த்த கதையைத்தான் எடுக்கிறான், அந்தக் கதை தெரியாத மாணவன் அந்தக் காட்சியில் பாதியைக் கோனார் உரையில்தான் தேட வேண்டும். ஆகவே வகுப்பு முழுக்கக் கதையும் நீதியுமாக இருந்தால் விலக்குக் கேட்காமல் விட்டுவிடுவதே மேல் என்பது இந்தக் குறிப்பின் கருத்து. ஜெபமும் சாட்சியும் மன மாற்ற அழைப்பும் இருந்தால் தொடர்ந்து படியுங்கள்.

அட்மிஷன் ஃபாரத்தில் எங்கே பார்ப்பது?

கட்டண அட்டவணைக்குப் பிறகு, ‘டிக்ளரேஷன்’ என்ற தலைப்பின் கீழ், மிகச் சின்ன எழுத்தில். 2022 ஏப்ரலில் ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கத்துப் பழைய கிறிஸ்தவப் பள்ளி ஒன்றின் ஃபாரத்தில் இருந்த அப்படியொரு வாசகம்தான் மாநிலம் முழுக்கப் பேச்சானது: பிள்ளை காலை அசெம்ப்ளி, ஸ்கிரிப்சர் வகுப்பு உட்பட எல்லாவற்றிலும் கலந்துகொள்ளும், பைபிளும் பாட்டுப் புத்தகமும் கொண்டுவர ஆட்சேபம் சொல்ல மாட்டோம் என்று பெற்றோர் உறுதி தர வேண்டியிருந்தது. ஓர் இந்து அமைப்பு புகார் செய்தது. அப்போதைய பள்ளிக்கல்வி அமைச்சர் பி.சி.நாகேஷ் விசாரணை என்றார். பள்ளி தன் பக்கத்தைச் சொன்னது. டி.வி.யில் ஒரு வாரம் ஓடியது. பிள்ளைக்கு விலக்கு வேண்டும் என்கிற பெற்றோருக்கு அந்த ஒரு வாரத்தால் என்ன பயன் என்று யோசித்துப் பார்த்தால், கேமராவுக்கு முன்னால் போகும் எண்ணம் தானாகவே போய்விடும்.

இப்படியொரு வரியின் கீழ் கையெழுத்துப் போட்டுவிட்டால், நீங்கள் சம்மதம் தந்துவிட்டீர்கள் என்று பள்ளி வாதிடும். சேர்க்கும்போதே என்றால், கையெழுத்துக்கு மேலே ‘மத வகுப்பு, வழிபாடு நீங்கலாக’ என்று ஆங்கிலத்தில் பேனாவால் எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்து, அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆன்லைன் ஃபாரம் என்றால் டிக் போடாமல் அடுத்த பக்கம் போகாது; அப்போது சமர்ப்பித்த அன்றைக்கே அட்மிஷன் ஆபீஸுக்கு ஒரு ஈமெயில். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்கள் கீழே உள்ள கடிதத்தில் அதைத் திரும்பப் பெறும் வரியைச் சேர்க்க வேண்டும்.

கடிதம்

பள்ளிக்கு ஆங்கிலத்தில், கல்வி அலுவலகத்துக்குப் போகும் பட்சத்தில் கன்னடத்தில். பொருளைத் தமிழில் தருகிறோம்; ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

‘எங்கள் மகள் (பெயர்), 6-ஆம் வகுப்பு பி பிரிவு, அட்மிஷன் எண் (…). செவ்வாய், வியாழன் மூன்றாம் பீரியடில் நடக்கும் ஸ்கிரிப்சர் வகுப்பில் அவள் கலந்துகொள்வதற்கு, அரசியலமைப்பு 28(3) குறிப்பிடும் பெற்றோர் சம்மதத்தை நாங்கள் அளிக்கவில்லை. சேர்க்கைப் படிவத்தில் பொதுவாகச் சம்மதம் தெரிவித்திருந்தால், இந்த வகுப்பைப் பொறுத்தவரை அதைத் திரும்பப் பெறுகிறோம். அந்த நேரத்தில் அவள் ஆசிரியர் மேற்பார்வையில் நூலகத்தில் படிக்கவோ, வேறு பிரிவின் மாரல் சயின்ஸ் வகுப்பில் உட்காரவோ ஏற்பாடு செய்யக் கேட்டுக்கொள்கிறோம். இந்தப் பாடத்தின் மதிப்பெண் அவளுடைய மொத்தத்திலும் ரேங்கிலும் சேராதபடி பார்த்துக்கொள்ள வேண்டுகிறோம். காலை அசெம்ப்ளிக்கு அவள் வருவாள். ஜெபத்தின்போது மரியாதையோடு மௌனமாக நிற்பாள். மற்ற மாணவர்களுக்கு இந்த வகுப்பு நடப்பதில் எங்களுக்கு ஆட்சேபம் எதுவும் இல்லை.’

கடைசி வரியை வெட்டிவிடாதீர்கள். பிரின்சிபாலின் பெரிய பயமே ஒரு கடிதத்தை ஏற்றால் நாளைக்கு வகுப்பையே மூடச் சொல்வார்கள் என்பதுதான். அந்த வரி அந்தப் பயத்தைப் போக்குகிறது. தாய், தகப்பன் இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஒருவர் மட்டும் போட்டால் ‘அவருக்குச் சம்மதமா?’ என்று ஒரு வாரம் இழுப்பார்கள். இரண்டு பிரதி எடுத்துப்போய், உங்கள் பிரதியில் தேதியோடு ஆபீஸ் முத்திரை வாங்குங்கள். முத்திரை தர மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், அன்று மாலையே ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். ஸ்கிரிப்சர் என்று இருக்கும் இடத்தில் கீதை வகுப்பு என்று போட்டு, எழுதுகிறவரை ஒரு கிறிஸ்தவத் தகப்பனாக நினைத்துப் படியுங்கள். அப்போதும் ஒவ்வொரு வரியும் நியாயமாகப் பட்டால் கடிதம் சரி. ஏதாவது வரி உறுத்தினால் அது 28(3)-ஐச் சேர்ந்த வரி இல்லை, அடித்துவிடுங்கள். இது வெறும் பேச்சும் இல்லை. குஜராத் அரசு 2022 மார்ச்சில் 6 முதல் 12 வரை கீதையைச் சேர்க்கப்போவதாக அறிவித்தது. இங்கேயும் அந்தப் பேச்சு கிளம்பியது. இந்து அறக்கட்டளைப் பள்ளியில் தினமும் ஸ்லோகம் சொல்ல வேண்டியிருக்கும் கிறிஸ்தவ, முஸ்லிம் பிள்ளைகளுக்கும் இதே கடிதம்தான், புத்தகத்தின் பெயர் மட்டும் வேறு. கிறிஸ்தவர்களுக்குள்ளேயும் இது தேவைப்படும்: கத்தோலிக்கரின் திருவிவிலியத்தில் 73 நூல்கள், புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 66, பத்துக் கட்டளைகளை எண்ணும் முறையே இருவருக்கும் வேறு. 1844-இல் பிலடெல்பியாவில் பொதுப் பள்ளியில் எந்த பைபிளை வாசிப்பது என்ற சச்சரவு கலவரமாகி இரண்டு கத்தோலிக்க ஆலயங்கள் எரிந்தன.

எங்கே சறுக்கும்?

மாற்று ஏற்பாடு கேட்காமல் விலக்கு மட்டும் கேட்டால் பிள்ளை வராந்தாவில் நிற்கும். 1940-களில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து ஷாம்பெயினில் மெக்காலம் குடும்பத்துப் பையனுக்கு அதுதான் நடந்தது. மற்றவர்கள் மத வகுப்பில் இருக்கும்போது அவனை ஹாலில் தனி டெஸ்க் போட்டு உட்காரவைத்தார்கள். போகிறவர் வருகிறவர் எல்லாரும் தண்டனை என்று நினைத்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், பொதுப் பள்ளிக் கட்டடத்தில் மத வகுப்பு கூடாது என்று 1948-இல் தீர்ப்பானது. நம் பிள்ளைக்கு அப்படி ஆகாமலிருக்க, எந்த அறை, எந்த ஆசிரியர் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து தனித்தனிக் கடிதம் கொடுத்தால் பிள்ளைகள் தனியாக நிற்க மாட்டார்கள். பள்ளிக்கும் ஒரு ஆசிரியரை ஒதுக்குவது எளிது. கூட்டு மனு வேண்டாம், சம்மதம் என்பது ஒவ்வொரு பெற்றோருடையது.

அமெரிக்க உதாரணத்தை எடுப்பவர்கள் ஒரு வித்தியாசத்தை மறந்துவிடுவார்கள். பென்சில்வேனியாவின் அன்றைய சட்டப்படி தினமும் பைபிளிலிருந்து பத்து வசனம் விளக்கம் இல்லாமல் வாசிக்க வேண்டியிருந்தது; பெற்றோர் கடிதம் கொடுத்தால் விலக்கு என்பது 1959-இல்தான் சேர்ந்தது. 1956 நவம்பரில் எல்லெரி ஷெம்ப் என்ற மாணவன் வாசிப்பு நேரத்தில் குர்ஆனை எடுத்து மௌனமாகப் படித்து அதை எதிர்த்தான். 1963-இல் அங்கே உச்ச நீதிமன்றம், விலக்குக் கடிதம் இருந்தாலும் அரசுப் பள்ளியில் வழிபாடாக வாசிப்பது செல்லாது என்றது; இலக்கியமாக, வரலாறாக பைபிளைக் கற்பிப்பதற்குத் தடையில்லை என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. ஆனாலும் அங்கே சண்டை ஓயவில்லை. ஓக்லஹோமாவில் 2024-இல் மாநிலக் கல்வித் தலைவர் எல்லா வகுப்பிலும் பைபிள் வேண்டும் என்று உத்தரவு போட்டார். அடுத்த ஆண்டு அவர் போனதும் பின்னால் வந்தவர் அதை ரத்து செய்தார். அதெல்லாம் அரசுப் பள்ளிகளின் கதை. நம் பிரச்சினை பெரும்பாலும் தனியார் பள்ளியில். இங்கே கடிதம்தான் ஆயுதம். 1963 தீர்ப்பைக் கடிதத்தில் மேற்கோள் காட்டினால் பிரின்சிபால் சிரிப்பார்.

நம் மண்ணின் வழக்கம் ஒன்றும் உண்டு. 1854-இல் வந்த வுட்ஸ் டெஸ்பாட்ச் என்ற கிழக்கிந்தியக் கம்பெனியின் கல்விக் கொள்கைக் கடிதம், அரசுப் பள்ளிகளில் பைபிளை நூலகத்தில் வைக்கலாம், மாணவர் தாமாகக் கேட்டால் வகுப்பு நேரத்துக்கு வெளியே ஆசிரியர் விளக்கலாம், வகுப்பில் கற்பிக்கக் கூடாது என்றது. பிரின்சிபாலோடு சுமுகமாகப் பேசும்போது இது நல்ல நடுவழி: புத்தகம் நூலகத்தில், வகுப்பு விருப்பப்பட்டவர்களுக்கு, பள்ளி நேரத்துக்கு முன்போ பின்போ.

அசெம்ப்ளிதான் தினசரிச் சங்கடம். வழிபாடும் 28(3)-இல் வருகிறது என்பதால் வராமலே இருக்கக் கேட்கலாம். ஆனால் அறிவிப்பு, பரிசு, பிறந்தநாள் வாழ்த்து எல்லாம் அங்கேதான் நடக்கும். மௌனமாக நிற்பது போதும். 1986-இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில், தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்ற மூன்று கேரளப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தேசிய கீதத்துக்கே அந்த மரியாதை போதும் என்றால் ஜெபத்துக்கும் போதும். உதட்டை அசைத்துப் பாடுவதுபோல் நடிக்கப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள்.

வகுப்பு வாட்ஸ்அப் குரூப்பில் கடிதத்தைப் போடக் கூடாது. அரை மணி நேரத்தில் அது வேறு குரூப்புக்குப் போய், மாலையில் யாரோ ஒரு கட்சிக்காரர் பள்ளி கேட்டில் நிற்பார். அதற்குப் பிறகு பள்ளி உங்களோடு பேசாது, வக்கீல் வழியாகத்தான் பேசும். பிள்ளையிடமும் முன்கூட்டியே கேளுங்கள். ஸ்கிரிப்சர் மிஸ்தான் அவளுக்குப் பிடித்த மிஸ் என்றால் அதையும் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள்.

பதில் வராவிட்டால்

பதினைந்து நாள் பாருங்கள். பிறகு பிரின்சிபாலைத் தாண்டிப் பள்ளியின் கரஸ்பாண்டன்டுக்கோ நிர்வாகக் குழுவுக்கோ ஒரு நினைவூட்டல், முதல் கடிதத்தின் முத்திரைப் பிரதியோடு. சி.எஸ்.ஐ பள்ளி என்றால் டயோசிஸ் அலுவலகம், கத்தோலிக்கப் பள்ளி என்றால் மறைமாவட்டமோ அந்தத் துறவற சபையோ. பெரும்பாலான விவகாரம் இந்தப் படியிலேயே முடிந்துவிடும்.

அதற்கும் மேலே என்றால் வட்டாரக் கல்வி அதிகாரி, அதாவது பி.இ.ஓ, அடுத்து டி.டி.பி.ஐ எனப்படும் கல்வித்துறைத் துணை இயக்குநர். பெங்களூரு வடக்கு, தெற்கு என்று தனித்தனி அலுவலகம், உங்கள் பள்ளி எதில் வருகிறது என்று முதலில் பாருங்கள். சி.பி.எஸ்.இ, ஐ.சி.எஸ்.இ பள்ளி என்றால் ‘அது எங்கள் கீழ் வராது’ என்று கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். வாதாடாமல், அதையே எழுத்தில் தரச் சொல்லுங்கள். இங்கே அதற்கு எண்டார்ஸ்மென்ட் என்பார்கள், கன்னடத்தில் ஹிம்பரஹ. அந்தக் காகிதம் கையில் இருந்தால்தான் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்திலோ, கடைசியில் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்திலோ அடுத்த கதவைத் தட்ட முடியும்.

தனியார் பள்ளிக்கு நேரடியாக ஆர்.டி.ஐ (தகவல் அறியும் உரிமை) மனு போட முடியாது என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். பி.இ.ஓ அலுவலகத்துக்குப் போடலாம்: பள்ளியின் அங்கீகார உத்தரவு நகல், அதிலுள்ள நிபந்தனைகள், அரசு உதவி பெறுகிறதா, சிறுபான்மைச் சான்று இருக்கிறதா. கட்டணம் 10 ரூபாய். கர்நாடக விதிப்படி ஒரு மனுவில் ஒரே விஷயம்தான் கேட்க வேண்டும், 150 வார்த்தைக்குள் இருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றில் தவறினாலும் மனு திரும்பும். 30 நாளில் பதில் வர வேண்டும். ஆகவே கடிதத்துக்குப் பதில் வராத பதினாறாம் நாளே இதையும் போட்டுவிட்டால், அரையாண்டுத் தேர்வுக்கு முன்னால் காகிதம் கையில் இருக்கும். அந்தத் தேர்வின் ரிப்போர்ட் கார்டில் ஸ்கிரிப்சர் கட்டத்தில் பூஜ்யம் போட்டிருக்கிறார்களா, கோடு போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.